ஃப்ரீசரில் வைத்த காய் ஏன் இப்படி ஆனது? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

பேக்கெட்டில் வரும் பட்டாணி பல மாதம் கழித்துப் பிரித்தாலும் பச்சைப் பசேலென்று, மணி மணியாக உதிர்கிறது. அதே பட்டாணியை நாம் வாங்கி உரித்து ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்ச நாளிலேயே நிறம் மங்கி, வாசம் மாறி, பாறை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "அவர்கள் ஏதோ மருந்து போடுகிறார்கள்" என்று முடிவுகட்டிவிட்டு நிறையப் பேர் அந்த முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். உறைய வைத்த சாதாரணக் காய்கறிப் பேக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் காயின் பெயர் மட்டும்தான் இருக்கும், சிலவற்றில் உப்பு.

ஆலையில் நடப்பது என்ன? காய் வந்து இறங்கியதும் தரம் பிரித்துக் கழுவி நறுக்குகிறார்கள். பிறகு கொதிநீரிலோ நீராவியிலோ ஒன்றிரண்டு நிமிடம் காட்டி, வெந்துவிடாமல் உடனே குளிரவைத்து, மேலே ஒட்டிய தண்ணீரை அதிரும் சல்லடைகளில் உதறி எடுக்கிறார்கள். கடைசியாக மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரிக் காற்று கீழிருந்து பலமாக வீசும் ஒரு சுரங்கத்துக்குள் காய்த் துண்டுகளை அனுப்புகிறார்கள். துண்டுகள் அந்தக் காற்றில் துள்ளி மிதந்துகொண்டே நகர்வதால் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக, சில நிமிடங்களில் உறைந்துவிடும். அங்கிருந்து மைனஸ் 18 டிகிரிக் கிடங்கு.

சூடு காட்டுவது, குளிரவைப்பது, உலர்த்துவது, வேகமாக உறையவைப்பது. இந்த நான்கில் எது தவறினாலும் அதற்கென்று ஒரு தனி அறிகுறி தெரியும். முதல் மூன்றும் எந்தச் சமையலறையிலும் ஆலைக்குச் சமமாகச் செய்யக்கூடியவை, நான்காவதில் மட்டும் நாம் கொஞ்சம் பின்தங்குவோம், அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் காய்க்கு என்ன ஆனது என்று பார்த்து நேராக அந்தத் தலைப்புக்குப் போகலாம்.

சமைக்கும்போது வைக்கோல் வாசம், ஒரு மாதிரி கசப்பு

பச்சையாக அப்படியே உறைய வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் கொதிநீரில் போட்ட நேரம் போதவில்லை. வேறு காரணம் இருப்பது அபூர்வம்.

பறித்த பிறகும் காய்க்குள் நொதிகள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. குளிர் அவற்றை மெதுவாக்கும், நிறுத்தாது, மைனஸ் 18 டிகிரியிலும் அவை ஊர்ந்துகொண்டே இருக்கும். பட்டாணி, பீன்ஸ், மக்காச்சோளம் ஆகியவற்றில் லிப்பாக்ஸிஜனேஸ் என்றொரு நொதி உண்டு. காயில் இருக்கும் துளிக் கொழுப்பை அது ஆக்ஸிஜனோடு சேர்த்து உடைப்பதால்தான் அந்த வைக்கோல் வாசம் கிளம்புகிறது. அதை அடக்கச் சூடு வேண்டும், ஆலைக்காரர்கள் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தை ஒருநாளும் தவிர்க்காததற்குக் காரணம் இதுதான்.

வீட்டில் செய்யும்போது பெரிய பாத்திரமாக எடுங்கள். அரைக்கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர். அதிகமாகத் தெரிந்தாலும் இந்த அளவில் சமரசம் வேண்டாம், ஏனென்றால் காயைப் போட்டதும் தண்ணீரின் சூடு இறங்கும், ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதி வந்தாக வேண்டும். வரவில்லையா, காய் அதிகம், அடுத்த தடவை பாதியாகப் போடுங்கள். நேரத்தை மறுகொதி வந்ததிலிருந்து கணக்கிட வேண்டும், காயைப் போட்டதிலிருந்து அல்ல.

பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம். நறுக்கிய கேரட்டுக்கும் கீரைக்கும் இரண்டு நிமிடம், பீன்ஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலிக்கு மூன்று. வெண்டைக்காய் சிறியதென்றால் மூன்று, முற்றிய பெரியதென்றால் நான்கு. சிறிய கேரட்டை முழுதாகப் போட்டால் ஐந்து. மக்காச்சோளத்தை உதிர்த்து வைக்க நினைப்பவர்கள் கதிரோடு நான்கு நிமிடம் போட்டு எடுத்து, ஆறிய பிறகு மணிகளைச் சீவினால் இனிப்பு தண்ணீரில் கரைந்து போகாது. நீராவியில் செய்வதென்றால் இந்த நேரங்களைப் போல ஒன்றரை மடங்கு ஆகும், ஆனால் தண்ணீரில் கரையும் வைட்டமின் சி அதிகம் போகாமல் நிற்கும். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் இடங்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நேரம் முடிந்ததும் ஐஸ் கட்டி போட்ட தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். கொதிநீரில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் இதிலும் இருக்கட்டும். "குழாய்த் தண்ணீரில் அலசினேன், போதாதா?" என்றால் பெரும்பாலும் போதாது, வெளிப்பக்கம் ஆறினாலும் உள்ளே சூடு தங்கி வெந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சும்மா அரை நிமிடம் காட்டி எடுப்பது, எதுவுமே செய்யாமல் வைப்பதைவிட மோசம். அந்த இளஞ்சூட்டில் காயின் திசு உடைந்து நொதிகள் சாகாமல் இன்னும் சுறுசுறுப்பாகிவிடும். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி, கொதிநீரில் போட்டெடுத்த ஒரு துண்டைக் குறுக்கே வெட்டி அதில் போடுங்கள். நன்றாக நுரைத்துக் குமிழி வந்தால் கேட்டலேஸ் என்ற நொதி இன்னும் உயிரோடு இருக்கிறது, நேரம் போதவில்லை என்று பொருள். ஆலைகளிலும் இதே மாதிரியான சோதனைதான், அங்கே இன்னும் அதிகச் சூடு தாங்கும் பெராக்ஸிடேஸ் நொதியைப் பார்ப்பார்கள். சோதித்த துண்டைச் சாப்பிடாமல் கொட்டிவிடுங்கள்.

வெங்காயம், குடைமிளகாய், பச்சை மிளகாய் இவற்றுக்கு இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம், நறுக்கி அப்படியே வைக்கலாம். ஏற்கெனவே வைக்கோல் வாசம் வந்துவிட்ட காயிலிருந்து அதை எடுக்க வழி கிடையாது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ருசிதான் போச்சு.

பச்சைக் காய் ஆலிவ் நிறத்துக்கு மங்கிவிட்டது

எப்போது மங்கியது என்று முதலில் யோசியுங்கள்.

கொதிநீரிலேயே மங்கியிருந்தால் நேரம் கூடிவிட்டது, அல்லது மூடி போட்டுக் கொதிக்கவிட்டிருப்பீர்கள். பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது, சூடும் அமிலமும் சேர்ந்தால் அது கழன்றுவிடும், பச்சை போய்ப் பழுப்பு கலந்த ஆலிவ் நிறம் வந்துவிடும். அமிலம் காய்க்குள்ளேயே இருக்கிறது, வேகும்போது வெளியே வருகிறது. மூடியைத் திறந்து வைத்தால் அதில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும், தண்ணீர் தாராளமாக இருந்தால் மீதியும் நீர்த்துவிடும். போட்ட முதல் நிமிடத்தில் பச்சை பளிச்சென்று தூக்கலாகத் தெரிவது, செல்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேறுவதால். அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டு நேரம் முடியும் முன்பே எடுத்துவிடாதீர்கள்.

சிலர் சமையல் சோடா ஒரு சிட்டிகை போடச் சொல்வார்கள். நிறம் நிற்கும், உண்மைதான். ஆனால் காரத்தன்மையில் காய் சீக்கிரம் கொழகொழத்துவிடும், வைட்டமின் பி1 அழிந்துவிடும். எனக்கு அது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

சரியாகச் செய்து வைத்தும் மாதங்கள் கழித்து மங்குகிறது என்றால் உங்கள் ஃப்ரீசர் போதுமான குளிரில் இல்லை. ஒரு தெர்மாமீட்டரை உள்ளே ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மைனஸ் 18 காட்ட வேண்டும். கதவு அடிக்கடி திறக்கப்படும் ஃப்ரீசர்களில் மைனஸ் 10, 12 என்று நிற்பது சாதாரணம், அதில் காய் ஒரு வருடம் தாங்காது.

ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது

உலர்த்தவில்லை. அவ்வளவுதான்.

ஐஸ் தண்ணீரிலிருந்து எடுத்ததும் வடிதட்டில் ஐந்து நிமிடம் விட்டு, சுத்தமான துணியில் பரப்பி மேலே ஒற்றி எடுங்கள். தொட்டால் கையில் ஈரம் படக்கூடாது. அப்புறம் ஒரு தட்டில் ஒரே அடுக்காக, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல் மாதிரி ஆனபிறகு பையில் போட்டுக் கட்டுங்கள். காற்றில் மிதக்கவிடும் அந்தச் சுரங்கத்துக்கு வீட்டு மாற்று இந்தத் தட்டுதான். உறைந்ததும் தள்ளிப்போடாமல் பைக்கு மாற்றுங்கள், தட்டிலேயே இரவு முழுக்கக் கிடந்தால் மேற்பரப்பு காய்ந்துபோகும்.

கடையில் வாங்கும் பேக்கெட்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மணிகள் தனித்தனியாக நழுவ வேண்டும். மொத்தமும் ஒரே பாளமாக இருந்தால் வழியில் எங்கேயோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது, அதை எடுக்காதீர்கள்.

சமைத்தால் குழகுழவென்று, தண்ணீர் விட்டுக்கொண்டு

இதுதான் நான்காவது வேலை, வேகமான உறைவு. காய்க்குள் இருக்கும் நீர் பெரும்பாலும் மைனஸ் 1-இலிருந்து மைனஸ் 5 டிகிரிக்குள் பனியாகிறது. அந்த இடைவெளியைச் சில நிமிடங்களில் கடந்தால் பனிப்படிகங்கள் நிறைய, ஆனால் பொடிப்பொடியாக உருவாகும், செல்சுவர் ஓரளவு தப்பிக்கும். மணிக்கணக்கில் இழுத்தால் படிகங்கள் பெரிதாக வளர்ந்து சுவர்களைக் கிழித்துவிடும், உருகும்போது உள்ளிருக்கும் சாறெல்லாம் வெளியே வந்துவிடும். கிளாரன்ஸ் பர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் கனடாவின் லாப்ரடார் குளிரில், பிடித்த மீன் சட்டென்று உறைந்து, சமைக்கும்போது புதிதுபோலவே இருந்ததைக் கவனித்துத்தான் 1920களில் வேகமாக உறையவைக்கும் இயந்திரங்களை உருவாக்கினார். அவருடைய உறைபொருட்கள் 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. இன்றைய பேக்கெட்டுகள் அந்த யோசனையின் வாரிசுகள்.

வீட்டு ஃப்ரீசரால் மைனஸ் 40 போக முடியாது. ஆனால் அதன் வேலையைக் குறைக்கலாம். ஒரே நாளில் ஃப்ரீசரின் 30 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு கிலோவுக்கு மேல் புதுக்காய் ஏற்றாதீர்கள். நிறைய பேர் தடுக்குவது இங்கேதான், மொத்தமாக ஐந்தாறு கிலோ வாங்கி ஒரே மாலையில் எல்லாவற்றையும் உள்ளே திணிப்பார்கள், உள்ளே ஏற்கெனவே இருந்த பொருளும் சேர்ந்து லேசாக உருகும், புதுசு மறுநாள் வரை உறையாது. காயைப் பொடியாக நறுக்குங்கள், தட்டு உலோகத்தில் இருக்கட்டும், வைக்கும் முன் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் குளிரவிடுங்கள். ஃப்ரீசரில் அதிவேகக் குளிர் பொத்தான் இருந்தால் சில மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள்.

உறைந்ததெல்லாம் சரியாக இருந்தும் குழைகிறதென்றால் சமைக்கும் விதத்தில் பாருங்கள். உருகவிட்டுச் சமைக்காதீர்கள், உறைந்தபடியே நல்ல சூட்டில், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பாத்திரத்தின் சூடு இறங்கி, வதங்க வேண்டியது தன் தண்ணீரிலேயே வேகும். இவை ஏற்கெனவே பாதி வெந்தவை, அதனால் புதுக்காய்க்குக் கொடுக்கும் நேரத்தில் பாதி போதும்.

வெள்ளரி, லெட்டூஸ், முள்ளங்கி இவற்றில் தண்ணீர் அதிகம், எவ்வளவு கவனமாக உறையவைத்தாலும் மொறுமொறுப்பு திரும்பாது. தக்காளி குழம்புக்கோ சாஸுக்கோ என்றால் தாராளமாக உறையவைக்கலாம், சாலட்டுக்கு ஆகாது.

கேரட், பீன்ஸ் இரண்டுக்கும் ஆலைகள் பயன்படுத்தும் இன்னொரு உத்தி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 60 முதல் 70 டிகிரிச் சூட்டில் ஒரு கால்மணி, இருபது நிமிடம் ஊறவிட்டால் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பொருளை இறுக்கும் ஒரு நொதி விழித்துக்கொண்டு, காயில் இருக்கும் கால்சியத்தைக் கொண்டே செல்சுவர்களை உறுதியாக்கிவிடும். அதன்பிறகு கொதிக்கவைத்தாலும் சீக்கிரம் குழையாது. சமையல் தெர்மாமீட்டர் இருப்பவர்கள் 65 டிகிரியில் பிடித்து வைத்து, முடிந்ததும் வழக்கமான கொதிநீர் வேலையைத் தொடரலாம். தெர்மாமீட்டர் இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்வதில் பயனில்லை.

பைக்குள் பனித்தூள், காயின் மேல் வெளுத்துக் காய்ந்த திட்டுகள்

உள்ளே காற்று இருக்கிறது, குளிர் ஏறி இறங்குகிறது. காயிலிருந்து பனி நேராக ஆவியாகிப் பையின் உட்பக்கத்தில் தூளாகப் படிகிறது, இழந்த இடம் காய்ந்த திட்டாகிறது. கெடுதல் இல்லை, ருசி சப்பென்று இருக்கும். ஜிப் பையை முக்கால்வாசி மூடி, மீதி வாயில் ஒரு உறிஞ்சுகுழலை விட்டுக் காற்றை இழுத்துவிட்டு மூடுங்கள். சின்னச் சின்னப் பைகளாக, ஒரு வேளைச் சமையலுக்கு ஒன்று என்று போட்டால் ஒன்றையே திறந்து திறந்து மூட வேண்டியிருக்காது. தேதி எழுதி ஒட்டுங்கள். 8 முதல் 12 மாதம் வரை நல்ல தரத்தில் இருக்கும்.

மின்சாரம் போய்விட்டது, உள்ளே இருப்பது என்ன ஆகும்

கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய ஃப்ரீசர் மூடியபடி இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். மின்சாரம் வந்தபிறகு பார்க்கும்போது காயில் பனிப்படிகம் இன்னும் தெரிந்தாலோ 4 டிகிரிக்குக் கீழே இருந்தாலோ மறுபடி உறையவிடலாம், பதம் கொஞ்சம் போகும். சூடாகிவிட்டதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

நறுக்கிய கேரட் வெள்ளையாகப் பூத்துவிட்டது

பேக்கெட்டில் வரும் குட்டிக் கேரட்டில்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது, "குளோரின் வெளியே வருகிறது" என்ற வதந்தியும் இதோடு சேர்ந்தே சுற்றுகிறது. குட்டிக் கேரட் பெரும்பாலும் தனி ரகமாகப் பிஞ்சில் பறித்ததல்ல, நீளமான கேரட்டைத் துண்டுபோட்டுச் சீவி உருட்டியது. கலிஃபோர்னியாவில் மைக் யூரோசெக் என்ற விவசாயி, வளைந்தும் உடைந்தும் இருந்ததால் தள்ளுபடியான கேரட்டுகளை வீணாக்க மனமில்லாமல் 1986இல் தொடங்கிய வேலை அது. தோல் போன கேரட்டின் மேற்பரப்பு காய்ந்தால் வெள்ளையாகத் தெரியும், நாள்பட்டால் காயத்தை மூட அது லிக்னின் என்ற மரத்தன்மையுள்ள பொருளை உண்டாக்குவதால் அந்த வெள்ளை நிலைத்துவிடும். கழுவும் தண்ணீரில் குளோரின் சேர்ப்பது உண்மை, அது பிறகு அலசப்பட்டுவிடும், வெள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆரம்ப நிலையென்றால் ஐஸ் தண்ணீரில் சிறிது நேரம் போடுங்கள், நிறம் திரும்பிவிடும். வீட்டில் நறுக்கி வைப்பதென்றால் கத்தியும் சீவியும் நல்ல கூராக இருக்கட்டும், மொன்னைக் கத்தி நசுக்கிய இடமெல்லாம் முதலில் வெளுக்கும். மூடிய டப்பாவில் சற்று ஈரமான துணியோடு வையுங்கள்.

கேரட் கசந்தால் அது வேறு விஷயம். பக்கத்தில் ஆப்பிள், பேரி மாதிரிப் பழங்கள் இருந்திருக்கும். அவை விடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட்டில் கசப்புப் பொருள் உருவாகும். பிரித்து வையுங்கள்.

உருளைக்கிழங்கு பழுப்பானது, கருத்தது, சாம்பல் பூத்தது

மூன்றும் வேறு வேறு.

நறுக்கியவுடன் பழுப்பாவது காற்றில் நொதி செய்யும் வேலை, தண்ணீரில் மூழ்கடித்தால் போதும். ஆலைகளில் தோல் சீவிய கிழங்குக்குச் சல்ஃபைட் உப்புகளைப் பயன்படுத்துவதுண்டு, லேபிளில் 220 முதல் 228 வரையான எண்கள் இருந்தால் அதுதான். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. அமெரிக்காவில் பச்சையாகச் சாப்பிடும் காய்கனிகளில் சல்ஃபைட் சேர்ப்பதை 1986இல் தடை செய்தார்கள். வீட்டில் தயாரிப்பதன் உண்மையான ஆதாயம் இங்கே கண்கூடாகத் தெரிகிறது, நமக்கு அது தேவையே இல்லை.

வேகவைத்து ஆறியபின் சாம்பல் நிறம் வருவது, கிழங்கில் இருக்கும் இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்வதால். ஆலைகள் பைரோபாஸ்பேட் உப்பு ஒன்றைக் கொண்டு இரும்பைக் கட்டிப்போடுகின்றன. வீட்டில், வேகும் கடைசிக் கட்டத்தில் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் பெரும்பாலும் அடங்கும். ஆரம்பத்திலேயே விட்டால் கிழங்கு வேக மறுக்கும்.

பொரிக்கும்போது சீக்கிரமே கருத்தால் கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தீர்கள். கடுங்குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், அது எண்ணெயில் கருகும். இருட்டான, குளிர்ச்சியான அலமாரி போதும்.

பச்சைக் கிழங்கை உறையவைக்கவே கூடாது, கருத்து நீர்விடும். விரல் விரலாக நறுக்கி அலசி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு, துணியில் நன்றாகக் காயவைத்து, நிறம் மாறத் தொடங்குவதற்குள் எடுக்கும் அளவுக்கு எண்ணெயில் பொரித்து, ஆறவிட்டுத் தட்டில் உறையவையுங்கள். ஆலையும் இதே வரிசையில்தான் போகிறது.

டப்பா தக்காளி எவ்வளவு நேரம் கொதித்தாலும் கரையவில்லை

லேபிளில் கால்சியம் குளோரைடு அல்லது 509 என்று இருக்கும். துண்டுகள் உடையாமல் இருக்கச் சேர்த்தது, சாஸ் வைக்க ஆகாது. முழுத் தக்காளி டப்பா வாங்குங்கள், அல்லது புதுத் தக்காளியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து நீங்களே வையுங்கள்.

நறுக்கிய கீரை, சாலட் இலை: வழுவழுப்பு, உப்பிய பை, சிவந்த ஓரம்

உறையாத பேக்கெட்டின் கதை வேறு. இதில் சூடு கிடையாது, அதனால் நொதியும் கிருமியும் உயிரோடுதான் இருக்கின்றன. குளிர்ந்த நீரில் கழுவி, சுழற்றித் தண்ணீரை எறிந்து, ஆக்ஸிஜன் குறைந்த காற்றோடு அடைத்து, 5 டிகிரிக்குக் கீழே வைத்து அனுப்புகிறார்கள். இலை உள்ளேயும் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். கழுவும் நீரில் குளோரின் சேர்ப்பதன் முதல் நோக்கம், ஒரு இலையில் இருக்கும் கிருமி தண்ணீர் வழியாக மற்ற எல்லா இலைக்கும் பரவாமல் தடுப்பதுதான். இலைமேல் ஒட்டியிருப்பதை அது முழுவதுமாக அழிக்காது. 2006இல் அமெரிக்காவில் பையில் அடைத்த பசலைக்கீரையில் இ.கோலை கிருமி வந்து ஏறக்குறைய 200 பேர் நோயுற்றது இந்த வரம்பைக் காட்டியது.

ஓரம் இளஞ்சிவப்பாக மட்டும் மாறியிருந்தால் வெட்டுக்காயத்துக்கு இலை காட்டும் எதிர்வினை, கிள்ளிவிட்டுச் சாப்பிடலாம். வழுவழுப்பும் புளித்த வாசமும் இருந்தால் பாக்டீரியா இலையைக் கரைக்கத் தொடங்கிவிட்டது, நல்ல இலையைப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் முழுப் பையையும் கொட்டுங்கள். பை வாங்கும்போதே காற்றோடு உப்பலாக இருப்பது இயல்பு. வாங்கி வைத்தபிறகு மேலும் உப்பினால் குளிர் தவறியிருக்கிறது.

கழுவித் தயாராக இருக்கிறது என்று எழுதிய பையை வீட்டில் மறுபடி கழுவ வேண்டியதில்லை. நம் சிங்க்கிலும் பலகையிலும் இருக்கும் கிருமி ஏறுவதுதான் மிச்சம்.

வீட்டில் செய்யும்போது கீரை சீக்கிரம் அழுகுவதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். ஓடும் தண்ணீரில் அலசுங்கள், சோப்பு வேண்டாம். துணியில் உருட்டி, முடிந்தால் சுழற்றி, சொட்டு ஈரமில்லாமல் காயவையுங்கள். டப்பாவின் அடியில் காகிதத் துணி ஒன்று போட்டு, இலையைத் திணிக்காமல் தளர்வாக வைத்து மூடுங்கள். நறுக்கிவிட்டால் மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள், நறுக்காமல் வைத்தால் இன்னும் தாங்கும்.

இதே ஃப்ரிட்ஜில் பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய், வெள்ளரியில் குழிக்குழியாகப் பள்ளமும் பழுப்புப் புள்ளியும் வந்தால் அது குளிர்க்காயம். இவை 10 டிகிரிக்குக் கீழே பல நாள் தாங்காதவை. சீக்கிரம் சமையுங்கள், அல்லது வெள்ளரி தவிர மற்றவற்றைக் கொதிநீர் காட்டி உறையவையுங்கள்.

உறைந்த சோளத்தை அப்படியே சாலட்டில் போட்டேன், சரிதானா

கூடாது. கொதிநீரில் காட்டியது சமைத்ததாகாது, அந்த வேலை முடிந்தபிறகு இயந்திரத்திலிருந்தோ தரையிலிருந்தோ கிருமி ஏறலாம். லிஸ்டீரியா என்ற கிருமி உறைவில் சாகாது, உருகியபின் ஃப்ரிட்ஜ் குளிரிலேயே வளரவும் செய்யும். உறைந்த சோளத்தோடு தொடர்புடைய பாதிப்பில் 2018 வரை ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 47 பேர் நோயுற்று 9 பேர் இறந்தார்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் இதைத் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேக்கெட்டோ வீட்டில் உறையவைத்ததோ, ஆவி பறக்கும் வரை சூடாக்கி, வேண்டுமானால் ஆறவிட்டுச் சாலட்டில் சேருங்கள்.

பூண்டு நீலமாகிவிட்டது, பாட்டிலில் அடைத்த காய் உப்புகிறது

முதலாவது பயப்பட வேண்டியதில்லை. அமிலத்தில் பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அமினோ அமிலங்களோடு சேர்ந்து நீலமோ பச்சையோ ஆகும், சாப்பிடலாம்.

இரண்டாவது மொத்தமாக வேறு. பிரான்ஸ் அரசு 1810இல் நிக்கோலா அப்பேருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்த, உணவைப் புட்டியில் அடைத்துச் சூடாக்கிக் கெடாமல் வைக்கும் முறையில் அவர் கொதிநீரைத்தான் பயன்படுத்தினார், ஆனால் பின்னால் வந்த ஆலைகள் அழுத்தக் கலனில் 121 டிகிரிக்குப் போனதற்குக் காரணம் உண்டு. பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் வித்து 100 டிகிரிக் கொதிநீரில் சாகாது, காற்றில்லாத, அமிலம் குறைந்த இடத்தில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். புளிப்பில்லாத காய்கள் எல்லாமே இந்த வகை. அதற்கென்றே செய்த அழுத்தக் கலனும் சோதிக்கப்பட்ட நேர அட்டவணையும் இல்லாமல் பீன்ஸ், சோளம், கேரட்டைப் பாட்டிலில் அடைத்து வெளியே வைக்காதீர்கள், உறையவையுங்கள். உப்பிய மூடி, பீய்ச்சும் திரவம் எதைப் பார்த்தாலும் ருசி பார்க்காமல் கொட்டுங்கள். ஆனால் நஞ்சு இருந்தும் எந்த அடையாளமும் தெரியாமல் இருக்கலாம்.

எண்ணெயில் ஊறப்போட்ட பச்சைப் பூண்டும் இதே ஆபத்துதான். அதை அறைச் சூட்டில் வைக்கவே கூடாது, ஃப்ரிட்ஜில் நான்கு நாளைக்கு மேல் வேண்டாம், அதற்குமேல் தேவையென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்து நேராகச் சூடான பாத்திரத்தில் போடுங்கள்.